சித்திரையின் பின்பாதியில் கிளாரன்ஸ்: டர்பனிலிருந்து இலையுதிர் காலப் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்தில், இங்கே ஃப்ரீ ஸ்டேட் மேட்டுநிலத்தில் விடியற்காலைப் புல்மேல் உறைபனி படிய ஆரம்பித்திருக்கும். பஞ்சாங்கம் இளவேனில் என்று சொல்லும் சித்திரையும் வைகாசியும் தென்னாப்பிரிக்காவில் இலையுதிர் காலம். ஆனால் டர்பனிலேயே இருப்பவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு மாமரமும் கறிவேப்பிலையும் வருஷம் முழுக்கப் பச்சைதான். ஏப்ரல் வந்தால் புழுக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவே. ஒரு மரம் உச்சி முதல் அடி வரை பொன்னாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் கடலை விட்டு மேலே ஏற வேண்டும். ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டினால் போதும்.

நான் சொல்லப்போவது கிளாரன்ஸ் என்ற சிற்றூரும் அதை ஒட்டிய கோல்டன் கேட் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவும் சேர்ந்த மூன்று இரவுப் பயணம். குழந்தைகளோடும் வீட்டுப் பாட்டியான ஆயாவோடும் பல தடவை போய் வந்து, பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். முதல் தடவை நாங்கள் போனது ஈஸ்டர் விடுமுறைக்கு. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் கடைசியிலேயே வந்துவிட்டது. 400 கி.மீ. போய் இறங்கினால் பாப்லர் மரமெல்லாம் பச்சைப்பசேல். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஆயா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஈஸ்டர் ஒவ்வொரு வருஷமும் நகரும்; மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் விழலாம். மரங்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதோடு, ஈஸ்டர் நாட்கள் நமக்குக் கோயில் நாட்கள். பீட்டர்மரிட்ஸ்பர்க் சிவ சுப்பிரமணியர் மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று தீமிதி, இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும். விரதம் இருக்கிற வீட்டில் யாரையும் பயணத்துக்கு இழுக்காதீர்கள். கோயில் முடியட்டும், ஏப்ரல் 14 புத்தாண்டும் கழியட்டும். அப்புறம் கிளம்பலாம்.

என் கணக்கு இது: ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து மே நடு வரை. அதாவது சித்திரையின் பின்பாதி. ஏப்ரல் 27 விடுதலை நாள், மே 1 தொழிலாளர் நாள் இரண்டும் அரசு விடுமுறை. நடுவில் இரண்டு மூன்று நாள் லீவு போட்டால் நீண்ட விடுமுறை கிடைக்கும். ஆனால் அதே யோசனை ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கிற எல்லோருக்கும் வரும். அவர்களுக்குக் கிளாரன்ஸ் 300 கி.மீ.க்குச் சற்று மேல்தான். முடிந்தால் மே முதல் வாரத்தின் நடுவில், செவ்வாய் முதல் வெள்ளி வரை போங்கள். ஊர் அமைதியாக இருக்கும், அறை வாடகையும் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

தேதியை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இலை நிறம் மாறுவது நம் விடுமுறையைப் பார்த்து அல்ல. பகல் குறைவதையும் இரவுக் குளிரையும் பார்த்து. பகல் சுருங்கச் சுருங்க மரம் இலையில் பச்சையம் தயாரிப்பதை நிறுத்திவிடுகிறது. பச்சை வடிந்ததும் அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அந்த மஞ்சள் முதலிலிருந்தே இலைக்குள் இருந்ததுதான். ஆகவே பாப்லரின் பொன்னிறம் ஏறக்குறைய எல்லா வருஷமும் ஏமாற்றாது. சிவப்பு அப்படி அல்ல. லிக்விடாம்பர், பின் ஓக் போன்ற மரங்களில் சிவப்பு நிறமி அந்தப் பருவத்தில்தான் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர், இரண்டும் தொடர்ந்து அமைந்தால் செக்கச்செவேல் என்று வரும். மேகமூட்டமாக இருந்தால் மங்கலாகத்தான் இருக்கும்.

மழை பற்றிப் பயம் வேண்டாம். அது கோடை மழைப் பகுதி; ஏப்ரலுக்குப் பிறகு வானம் பெரும்பாலும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். பயப்பட வேண்டியது காற்றுக்கு. ஒரு குளிர்க்காற்று பலமாக அடித்தால் இரண்டே நாளில் மரம் மொட்டையாகிவிடும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் தங்குமிடத்துக்குப் போன் போட்டு, "பாப்லர் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

அறையும் அடுப்பும்

கிளாரன்ஸ் 1912இல் உருவான ஊர். போயர் தலைவர் பால் க்ரூகர் 1904இல் சுவிட்சர்லாந்தில் கிளாரன்ஸ் என்ற ஊரில் காலமானார்; அந்தப் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள். நடுவில் ஒரு சதுக்கம், சுற்றிலும் ஓவியக் கடைகள், காபிக் கடைகள், பின்னால் மணற்கல் குன்றுகள். எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம்.

தங்க இரண்டு வழி. ஒன்று, ஊருக்குள் கெஸ்ட் ஹவுஸ் அல்லது காட்டேஜ். இன்னொன்று, பூங்காவுக்குள் தேசியப் பூங்கா நிர்வாகமே நடத்தும் க்ளென் ரீனன் முகாம். குடும்பத்தோடு போனால் ஊருக்குள் சமையலறை உள்ள காட்டேஜ்தான் சரி என்பது என் தீர்மானமான எண்ணம். உணவகங்களில் ட்ரவுட் மீன், பர்கர், ஸ்டேக் நன்றாகவே கிடைக்கும். ஆனால் சைவம் சாப்பிடுகிற பெரியவர்களுக்கு மூன்று நாளும் சீஸ் சாண்ட்விச்சை நீட்ட முடியாது.

புக் செய்யும்போது ஐந்து விஷயம் கேளுங்கள்: அறையில் கணப்பு உண்டா, அது விறகா கேஸா, கட்டிலில் மின்கம்பளி உண்டா, கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு உண்டா, படிக்கட்டு எத்தனை. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் ஒரு தடவை மாடி அறை எடுத்துவிட்டோம். முழங்கால் வலியோடு ஆயா மூன்று நாளும் ஏறி இறங்கினார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்றும் மனசு உறுத்துகிறது.

பாதை

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை. மரியன்ஹில், மூய் ரிவர், டுகேலா என மூன்று டோல். வான் ரீனன் கணவாய் ஏறி ஹாரிஸ்மித். அங்கே டாங்க்கை நிரப்பிவிடுங்கள். பிறகு ஆர்712 சாலையில் புத்தாடிச்சாபா வழியாகப் போனால், அதே சாலை கோல்டன் கேட் பூங்காவின் நடுவே புகுந்து கிளாரன்ஸில் கொண்டுபோய் விடும். மொத்தம் ஏறக்குறைய 400 கி.மீ.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். என்3இல் சரக்கு லாரிகள் அதிகம், கணவாயில் பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரியும். விளக்கைப் போட்டு, இடைவெளி விட்டு, பொறுமையாக ஏறுங்கள். புத்தாடிச்சாபா பக்கம் வேகத்தடைகள், குழிகள், சாலையைக் கடக்கும் மாடுகள். அந்தப் பகுதியை இருட்டில் ஓட்டாதீர்கள். மே மாதம் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

நேரம் இருந்தால் இன்னொரு பாதை உண்டு. விண்டர்ட்டன், பெர்க்வில் வழியாக ஆர்74இல் ஏறி, ஒலிவியர்ஷூக் கணவாய் தாண்டி, ஸ்டெர்க்ஃபொன்டீன் அணை ஓரமாக ஹாரிஸ்மித்துக்கு வரலாம். இடப்பக்கம் டிராகன்ஸ்பர்க் மலைச்சுவர் கூடவே வரும். போகும்போது என்3, திரும்பும்போது இது என்று வைத்துக்கொண்டால் அலுக்காது.

மூட்டை கட்டுவது

பகலில் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும். இரவில் ஐந்துக்கும் கீழே போகும். மே நடுவில் பூஜ்யத்தைத் தொடும். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. காலையில் மூன்றும் போட்டு, பத்து மணிக்கு ஒன்றைக் கழற்றி, மதியம் இன்னொன்றையும் கழற்றி, நான்கு மணிக்கு மறுபடி போட்டுக்கொள்ளலாம். காதை மூடும் குல்லாய், கையுறை, கம்பளிச் சாக்ஸ் கட்டாயம். காற்று மிகவும் வறண்டது. கடற்கரை ஈரத்துக்குப் பழகிய உதடு முதல் நாளே வெடிக்கும். ஒரு சின்னப் புட்டித் தேங்காய் எண்ணெய் போதும்.

உயரத்தையும் மறக்காதீர்கள். கிளாரன்ஸ் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேல். முதல் நாள் படியேறினால் லேசாக மூச்சு வாங்கும். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும், மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருக்கட்டும்.

சமையலுக்கும் உயரம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். முதல் தடவை துவரம்பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வைத்து, ஒன்றரை மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள் என் மனைவி. இப்போது பிரஷர் குக்கர் இல்லாமல் நாங்கள் கிளம்புவதில்லை. தோசை மாவும் அந்தக் குளிரில் பொங்காது. வீட்டிலேயே புளிக்க வைத்து, ஐஸ் போட்ட கூலர் பெட்டியில் எடுத்துப்போங்கள். வழிக்குப் புளியோதரை, முறுக்கு, ஆயா கையால் செய்த பூரி பத்தா. சேம்பிலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைத்தது இரண்டு நாள் கெடாது. ஃப்ளாஸ்க்கில் இஞ்சி டீ. மசாலா டப்பாவை மறந்தால் அங்கே வாங்க வழியில்லை.

வண்டிக்கு ரேடியேட்டரில் உறையாத திரவம் இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். காலையில் முன்கண்ணாடியில் உறைபனி படிந்திருந்தால் கொதிநீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிந்துவிடும். பழைய பிளாஸ்டிக் கார்டால் சுரண்டி எடுக்கலாம்.

அங்கே போன பிறகு

முதல் நாள் எங்கும் ஓடாதீர்கள். இறங்கி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மூன்று மணிக்கு ஊருக்குள் நடக்கப் போங்கள். பார்க்க வேண்டிய நேரம் அதுதான். சாய்ந்த வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வரும்போது பாப்லர் வரிசை திரி தூண்டிய குத்துவிளக்குகள் மாதிரி நிற்கும். மொபைலில் படம் எடுப்பவர்கள் சூரியனை முதுகுக்கு வைக்காமல், மரத்துக்குப் பின்னால் வருமாறு நின்று எடுங்கள்.

கீழே விழுந்த ஓர் இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். என் மனைவி கும்பகோணம் பக்கத்துக்காரி. முதல் தடவை எடுத்ததும், "இது நம்ம ஊர் பூவரசு மாதிரியே இருக்குங்க" என்றாள். காம்பைத் திருப்பிப் பார்த்து, இலையைச் சுருட்டி, குழந்தைகளுக்குப் பீப்பீ செய்து காட்டப் பார்த்தாள். பழுத்த இலை கிழிந்துபோனது. பிறகு தாழ்ந்த கிளையில் இன்னும் பச்சை போகாத ஒன்றைத் தேடிப் பறித்துச் சுருட்டினாள். மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. சின்னவன் அன்று இரவு தூங்கும்வரை அதை ஊதிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதில் தவறே இல்லை. பூவரசின் அறிவியல் பெயரில் உள்ள பாப்புல்னியா என்ற சொல்லுக்கே பாப்லரைப் போன்றது என்றுதான் பொருள். பாப்லர் காம்பு நீளமானது, பக்கவாட்டில் தட்டையானது. அதனால்தான் நமக்குத் தெரியாத காற்றுக்குக்கூட மரம் முழுக்கச் சலசலக்கிறது. ஐந்து நிமிஷம் பேசாமல் அடியில் நில்லுங்கள், தூரத்து மழை மாதிரி கேட்கும்.

இந்த மரங்கள் இந்த மண்ணுக்குச் சொந்தமானவை அல்ல. பாப்லர், ஓக், பிளேன், வில்லோ எல்லாம் குடியேறியவர்கள் காற்றுத் தடுப்புக்கும் நிழலுக்கும் கொண்டுவந்து நட்டவை. இந்நாட்டின் பூர்வீக மரங்களில் பல எப்போதும் பச்சை. இந்த மண்ணின் சொந்த இலையுதிர் காலத்தைப் பார்க்க வேண்டுமானால் குனிந்து புல்லைப் பார்க்க வேண்டும். மலைச்சரிவு முழுக்க இருக்கும் செம்புல் இந்தப் பருவத்தில் துரு நிறமாகவும் தேன் நிறமாகவும் மாறும். அதற்குத்தான் இரண்டாம் நாள்.

இரண்டாம் நாள் முழுவதும் கோல்டன் கேட். 1963இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. மாலை வெயிலில் மணற்கல் பாறைகள் பொன்னாவதால் அந்தப் பெயர். நுழைவுக் கட்டணத்தில் உள்நாட்டவருக்குச் சலுகை உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். வருஷத்தில் நாலைந்து தடவை தேசியப் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் வைல்ட் கார்ட் என்ற வருடாந்திர நுழைவு அட்டை எடுத்துக்கொள்வது லாபம்.

காலையில் ப்ளெஸ்பொக், ஓரிபி என்ற இரண்டு வளையச் சாலைகளில் வண்டியிலேயே சுற்றுங்கள். கறுப்பு வைல்டபீஸ்ட், வரிக்குதிரை, எலண்ட் மான் புல்வெளியில் மேயும். ஆயா வண்டியை விட்டு இறங்காமலே எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். மதியம் நடக்க முடிந்தவர்கள் க்ளென் ரீனனிலிருந்து காளான் பாறைகள், எதிரொலிப் பள்ளத்தாக்குப் பக்கம் போகலாம். குழந்தைகளும் நடக்கக்கூடிய தூரம். திடமான கால் உள்ளவர்கள் பிராண்ட்வாக் பாறைமேல் ஏறலாம். கடைசிப் பகுதி செங்குத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும், உயரம் பயம் என்றால் வேண்டாம். இந்தப் பாறைகளில் ஏறக்குறைய 19 கோடி வருஷத்துக்கு முந்திய டைனோசர் முட்டைகள் கல்லாகக் கிடைத்திருக்கின்றன என்று சொன்னால், முனகாமல் நடப்பார்கள் பிள்ளைகள்.

நான்கு மணிக்கு எல்லோரும் பிராண்ட்வாக் தெரிகிற இடத்துக்கு வந்துவிடுங்கள். ஃப்ளாஸ்க்கைத் திறந்து உட்காருங்கள். பாறை முதலில் வெளிர் மஞ்சள், பிறகு கெட்டித் தேன், கடைசியில் செம்பு. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் குளிர் சட்டென்று இறங்கும், குல்லாயைக் கையிலேயே வைத்திருங்கள்.

மூன்றாம் நாளை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவது நல்லது. இளவட்டங்களுக்கு ஆஷ் ஆற்றில் படகுச் சவாரி. லெசோத்தோ மலைகளிலிருந்து சுரங்கம் வழியாக கௌட்டெங்குக்குப் போகும் தண்ணீர் அந்த ஆற்றில்தான் வந்து விழுகிறது. ஆகவே மழை நின்ற பிறகும் ஆறு வேகமாக ஓடும். சுரங்கத்தைப் பராமரிப்புக்காக மூடும் காலத்தில் சவாரி இருக்காது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் உயிர் நடுங்கும் குளிர்; நடத்துபவர்கள் தரும் உடையையும் தலைக்கவசத்தையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. குதிரைச் சவாரி, ட்ரவுட் தூண்டிலும் உண்டு. பெரியவர்களைப் பசோத்தோ பண்பாட்டுக் கிராமத்துக்குக் கூட்டிப்போங்கள். பசோத்தோ கம்பளிப் போர்வை ஒன்று வாங்கலாம். விலை சுருக்கென்று இருக்கும், ஆனால் எங்கள் வீட்டுப் போர்வை இன்னும் நூல் பிரியவில்லை.

மாலை பிராய், அதாவது திறந்த நெருப்பில் சுட்டுச் சாப்பிடுவது, போடுவதென்றால், அதற்கென்று கட்டிய மேடையில் மட்டும் நெருப்பு மூட்டுங்கள். காய்ந்த புல், காற்று, ஒரு பொறி போதும். கிளம்பும்போது கரியின் மேல் தண்ணீர் ஊற்றி, கை வைத்துப் பார்த்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால்

பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவில் 1908இல் நட்ட பிளேன் மர வரிசை இருக்கிறது. டர்பனிலிருந்து 80 கி.மீ.தான், காலை போய் மதியம் திரும்பலாம். இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஹோவிக் அருவி, 95 மீட்டர் உயரம். அங்கிருந்து ஆர்103 வழியாக நாட்டிங்ஹம் ரோடு வரை ஓக் மரங்களும் கைவினைக் கடைகளும். கேப் டவுனில் இருப்பவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்கள்தான் இலையுதிர் காலம். ஹெக்ஸ் ரிவர் பள்ளத்தாக்கு மே மாதம் சிவந்து கிடக்கும். ஆனால் அங்கே குளிர்கால மழை அப்போதுதான் தொடங்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாள்

காலை பத்து மணிக்கு முன் கிளம்ப வேண்டாம். நிழல் விழும் வளைவுகளில் உறைபனி வழுக்கும். பன்னிரண்டுக்கு மேலும் தள்ளிப்போட வேண்டாம். எந்தக் கணவாய் வழியாக வந்தாலும் வெளிச்சத்திலேயே இறங்கிவிட வேண்டும். குழந்தைகள் பொறுக்கிய இலைகளை அன்று காலையே ஈரம் துடைத்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வைத்துக் கட்டிவிடுங்கள். டர்பன் ஈரக்காற்றில் அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும். எங்கள் ஆயா ஒவ்வொரு வருஷமும் ஒரே ஓர் இலையைத்தான் எடுத்துவருவார். பழையதை எடுத்துவிட்டு, புதியதைச் சாமி அறையில் முருகன் படத்துக்குக் கீழே சட்டத்தில் செருகி வைப்பார். போன வருஷத்து இலை அங்கே இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.